வலி மாத்திரை: செலவு கல்லீரலுக்கா, சிறுநீரகத்துக்கா?

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் கம்பம், கூடலூர், போடிப் பக்கமிருந்து விடிகாலையிலேயே கிளம்பிவிடும். மேலே கேரள மலையில் வண்டன்மேட்டிலோ நெடுங்கண்டத்திலோ இறங்கினால் சாயங்காலம் வரை சாரலும் சரிவும் குனிந்த முதுகும்தான். கீழே இறங்கியதும் மருந்துக்கடையில் கேட்பது பெரும்பாலும் ஒரே வாசகம்: "அண்ணே, உடம்பு வலிக்கு ஒரு செட்டு குடுங்க. நல்ல பவரா இருக்கட்டும்."

செட்டு என்பது வெவ்வேறு அட்டைகளில் கத்தரித்த மூன்று நான்கு மாத்திரைகள். எந்த அட்டை, எத்தனை மில்லிகிராம் என்று பார்க்க வழியில்லாதபடி பெயர் இருக்கும் பக்கம் கடையிலேயே தங்கிவிடும். வாங்குபவருக்கும் அது பெரிய குறையாகத் தெரிவதில்லை. "பாராசிட்டமால் லேசானது, டைக்ளோஃபெனாக் பவரானது" என்ற ஒரே அளவுகோல்தான் எல்லோர் கையிலும். அந்த அளவுகோலை வைத்துத் தேர்ந்தெடுத்தால் தப்பான ஆளுக்குத் தப்பான மாத்திரை போய்ச் சேரும்.

மாத்திரையைத் தேர்ந்தெடுக்கப் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அது உடம்பை விட்டு எப்படி வெளியேறுகிறது. இன்னொன்று, போகிற வழியில் எதைக் கெடுக்கிறது. இவை ஒன்றேதான் என்று பலர் நினைக்கிறார்கள். பாராசிட்டமால் கடைசியில் சிறுநீரில்தான் போகிறது, ஆனால் அளவு மீறினால் அடி வாங்குவது கல்லீரல். டைக்ளோஃபெனாக்கை உடைத்து முடிப்பது கல்லீரல், ஆனால் அதற்கு விலை கொடுப்பது பெரும்பாலும் சிறுநீரகம். இந்தக் குறுக்குக் கணக்கு பிடிபட்டால் மீதி எளிது.

பாராசிட்டமால்: கல்லீரலின் மூன்று வழிகள்

வெறும் வயிற்றில் விழுங்கிய பாராசிட்டமால் சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, முக்கால் மணி நேரம் முன்பின்னாக ரத்தத்தில் உச்சத்தைத் தொடும். குடலிலிருந்து வரும் ரத்தம் நேரே கல்லீரலுக்குத்தான் போகிறது என்பதால் முதல் சுற்றிலேயே ஒரு பங்கு அங்கே கழிந்துவிடும். ஆரோக்கியமான ஆளின் ரத்தத்தில் இதன் அளவு பாதியாகக் குறைய இரண்டு முதல் மூன்று மணி நேரம் ஆகும்.

பாராசிட்டமால் மூலக்கூறு அப்படியே சிறுநீரில் கரைந்து போவது 5 சதவீதத்துக்கும் குறைவு. கல்லீரல் அதன் மேல் ஏதாவது ஒன்றை ஒட்டி, தண்ணீரில் எளிதாகக் கரையும்படி மாற்றினால்தான் சிறுநீரகம் அதை வெளியே தள்ள முடியும். பாதிக்கு மேற்பட்ட பங்கில் குளுக்குரோனிக் அமிலம் ஒட்டப்படுகிறது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் சல்பேட் ஒட்டப்படுகிறது. இந்த இரண்டும் சாதுவான வழிகள், உண்டாகும் பொருளால் கேடில்லை.

மூன்றாவது வழிதான் விவகாரம். 5 முதல் 10 சதவீதம் சைப் 2இ1 என்ற நொதியிடம் மாட்டி, நாப்கி என்று சுருக்கிச் சொல்லப்படும் ஒரு நச்சுப் பொருளாக மாறுகிறது. அது கல்லீரல் செல்லின் புரதங்களில் போய் ஒட்டிக்கொள்ளக் கூடியது. ஆனால் செல்லுக்குள் குளுட்டத்தயோன் என்று ஒரு காவல் பொருள் இருக்கிறது. நாப்கி உண்டான கையோடு அதைப் பிடித்துச் செயலிழக்கச் செய்து சிறுநீரில் அனுப்பிவிடும். ஒரு மாத்திரை, இரண்டு மாத்திரை அளவில் இந்தக் காவல் தாராளமாகப் போதும். அதனால்தான் இவ்வளவு பேர் இவ்வளவு காலமாகச் சாப்பிட்டும் கல்லீரலுக்கு ஒன்றும் ஆவதில்லை.

அளவு மீறும்போது முதலில் திணறுவது சல்பேட் வழி. உடம்பில் சல்பேட் இருப்பு கொஞ்சம்தான், அது தீர்ந்தால் நெரிசல் மூன்றாவது வழிக்குத் திரும்பும். குளுட்டத்தயோன் வழக்கமான அளவில் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் நாப்கி கட்டுப்பாடில்லாமல் செல்லைக் கொல்லத் தொடங்கும். கல்லீரலுக்குள் நடுச்சிரையைச் சுற்றியுள்ள செல்களில் இந்த நொதி அதிகம். முதலில் சாவதும் அவைதான்.

இதிலிருந்து ஒரு விஷயம் புலப்படும். பாராசிட்டமாலின் ஆபத்து மாத்திரையின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை, அந்த நாளில் ஆளின் குளுட்டத்தயோன் இருப்பிலும் இருக்கிறது. மூன்று நாள் காய்ச்சலில் கஞ்சிகூட இறங்காதவர், எடை குறைந்தவர், தினமும் குடிப்பவர் ஆகியோருக்கு இருப்பு குறைவு.

அளவு என்ன? 50 கிலோவுக்கு மேல் உள்ள ஆரோக்கியமானவருக்கு ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் முதல் 1 கிராம் வரை, இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது நான்கு மணி நேரம், ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. 650 மாத்திரை என்றால் ஆறு மணிக்கொன்று, நாளைக்கு நான்கு என்று வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். எடை குறைந்தவருக்கு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கு.

தெரியாமல் மீறுவது இப்படித்தான் நடக்கும். 45 கிலோ எடையுள்ள ஒரு அக்கா காய்ச்சலுக்கு 650 மாத்திரை நான்கு போடுகிறார்: 2,600. முதுகு வலிக்கென்று அசெக்ளோஃபெனாக் கலவை மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று. அதன் ஒவ்வொன்றிலும் 325 பாராசிட்டமால் ஒளிந்திருக்கிறது: 650. மூக்கடைப்புக்குச் சளி மாத்திரை மூன்று வேளை. பல சளி மாத்திரைகளில் 500 பாராசிட்டமால் உண்டு: 1,500. கூட்டினால் 4,750 மில்லிகிராம், கிலோவுக்கு 105. அவருக்குப் பாதுகாப்பான உச்சம் வேளைக்கு 675 வீதம் நான்கு வேளை, 2,700. மூன்று வியாதிக்கு மூன்று மருந்து என்று அவர் நினைத்துக்கொண்டிருக்க, கல்லீரலுக்கு வந்து சேர்ந்தது ஒரே மருந்து, ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கேரளப் பக்கம் வாங்கிய அட்டையும் தமிழ்நாட்டுப் பக்கம் வாங்கிய அட்டையும் ஒரே வீட்டில் கிடப்பது இங்கே சாதாரணம். கம்பெனிப் பெயர் வேறாக இருக்கும், நிறம் வேறாக இருக்கும். வியாபாரப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் உள்ள மருந்தின் பெயரையும் பக்கத்தில் உள்ள எண்ணையும்தான் பார்க்க வேண்டும்.

இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக்

இவை ஒரே குடும்பம். நாப்ராக்சென், மெஃபனமிக் அமிலம், பைராக்சிகாம், எட்டோரிகாக்சிப் எல்லாம் பங்காளிகள். இவை ரத்தத்தில் 99 சதவீதம் வரை அல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டே பயணிப்பதால் சிறுநீரக வடிகட்டி இவற்றை லேசில் பிடிக்க முடியாது. கல்லீரலில்தான் வேலை நடக்கும். இபுப்ரோஃபெனையும் டைக்ளோஃபெனாக்கையும் முக்கியமாக சைப் 2சி9 என்ற நொதி மாற்றி, பிறகு குளுக்குரோனைடு ஒட்டுகிறது. இபுப்ரோஃபெனின் எச்சம் ஏறக்குறைய முழுவதும் ஒரு நாளைக்குள் சிறுநீரில் போய்விடும். டைக்ளோஃபெனாக்கின் எச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரில், மீதி பித்தநீர் வழியாகக் குடலுக்கு.

வெளியேற்றத்தை மட்டும் பார்த்தால் இவை சிறுநீரகத்துக்குப் பெரிய சுமையே அல்ல. கெடுப்பது வேறு வழியில். அதற்கு வடிகட்டியின் அழுத்தத்தைப் புரிந்துகொள்ள வேண்டும், இந்தப் பள்ளத்தாக்கில் அதைச் சொல்ல நல்ல உவமை கையிலேயே இருக்கிறது. முல்லைப் பெரியாறு நீர் தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியாக வந்து லோயர் கேம்ப்பில் இறங்குவது ஏரியின் மட்டத்தையும் மதகின் திறப்பையும் பொறுத்தது. சிறுநீரகத்தில் இருக்கும் லட்சக்கணக்கான வடிகட்டி முடிச்சுகள் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு வரத்து மதகு, பின்னால் ஒரு போக்கு மதகு. வரத்து திறந்தும் போக்கு சற்றே இறுகியும் இருந்தால் நடுவில் அழுத்தம் நிற்கும், ரத்தத்திலிருந்து நீர் கசியும். ஒரு நாளில் இப்படி வடிவது 180 லிட்டர். அதில் ஒன்றரை லிட்டர் போக மீதியை உடம்பு திரும்ப எடுத்துக்கொள்கிறது.

உடம்பில் தண்ணீர் போதுமான அளவு இருக்கும்போது வரத்து மதகு தானாகவே திறந்திருக்கும். வியர்வை, வாந்தி, பேதி என்று ஏரி மட்டம் இறங்கும்போது அதைத் திறந்து பிடிப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். வலிக்கும் வீக்கத்துக்கும் காரணமும் அதே பொருள்தான். இந்த மாத்திரைகள் அதை உற்பத்தியிலேயே நிறுத்துகின்றன. வலி போகும். மதகைப் பிடித்திருந்த கையும் போகும்.

திடகாத்திரமான இளைஞர் கால் சுளுக்குக்கு மூன்று நாள் போட்டால் இதில் ஒன்றும் கெடாது. அவருடைய சிறுநீரகம் அந்தக் கையை நம்பி ஓடவில்லை. ஒரே மாத்திரையை இரண்டு பேர் சாப்பிட்டு ஒருவருக்கு மட்டும் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு, ரத்தத்தில் ஏறுவது இதனால்தான்.

இந்த மருந்து உயிரினத்தைப் பொறுத்து எவ்வளவு மாறும் என்பதற்குப் பாறு கழுகுகளே சாட்சி. டைக்ளோஃபெனாக் ஊசி போட்ட மாடு செத்து, அதன் சடலத்தைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் வெள்ளை வெள்ளையாகப் படிந்து கூட்டம் கூட்டமாகச் செத்தன. காரணம் 2004இல் வெளியானது, கால்நடைக்கு அந்த மருந்தை 2006இல் இந்திய அரசு தடை செய்தது. நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் கூட்டம் அதற்குப் பிறகு தப்பியது. மனிதன் கழுகு அல்ல, ஆனாலும் "மாட்டுக்கே போடுற ஊசி, மனுசனுக்கு என்ன பண்ணும்" என்ற பேச்சுக்கு இதுவே பதில்.

எத்தனை மணி நேரம் தங்கும்?

"ஒரு மாத்திரை போட்டா நாள் முழுக்கத் தாங்கணும்" என்று கேட்டு வாங்குபவர்கள் உண்டு. வசதிதான். ஆனால் நாள் முழுக்கத் தாங்கும் மாத்திரை, தப்பு நடந்தாலும் நாள் முழுக்கத் தாங்கும்.

ரத்தத்தில் மருந்தின் அளவு ஐந்து முறை பாதியானால் 97 சதவீதம் போய்விட்டதாகக் கணக்கு. இபுப்ரோஃபென் இரண்டு மணிக்கொருமுறை பாதியாகும், ஆகவே பத்து மணி நேரத்தில் ஏறக்குறையத் தீர்ந்துவிடும். டைக்ளோஃபெனாக் அதற்கும் குறைவு, ஆனால் மூட்டு நீரில் போய்த் தங்குவதால் முழங்காலில் வேலை நீடிக்கும். அசெக்ளோஃபெனாக் நான்கு மணி நேரம். நாப்ராக்சென் 12 முதல் 17 மணி நேரம், அதாவது முழுக்கத் தீர மூன்று நாள். எட்டோரிகாக்சிப் 22 மணி நேரம், நான்கு நாளுக்கு மேல். பைராக்சிகாம் 50 மணி நேரம். இன்று நிறுத்தினால் பத்து நாள் கழித்துத்தான் கணக்கு முடியும்.

மழைக்காலத்தில் இது முக்கியம். காலையில் இபுப்ரோஃபென் போட்டவருக்கு மத்தியானம் பேதி பிடித்தால் அடுத்த வேளையை விட்டுவிட்டு உப்புச் சர்க்கரைக் கரைசல் குடித்தால், இரவுக்குள் மதகு பழையபடி வேலை செய்யத் தொடங்கும். பைராக்சிகாம் போட்டவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே வீக்கத்தோடு கூடிய வலிக்கு இந்தக் குடும்பத்தில் ஒன்று வேண்டும் என்றால், குறுகிய ஆயுள் உள்ள இபுப்ரோஃபென் 400ஐச் சாப்பாட்டுக்குப் பிறகு, நாளைக்கு மூன்றுக்கு மேற்படாமல், மூன்று நாளைக்குள் முடித்துக்கொள்வது நல்லது. இதய நோய் உள்ளவர் டைக்ளோஃபெனாக்கையும் எட்டோரிகாக்சிப்பையும் தொடாமல் இருப்பதே மேல். மாரடைப்பு ஆபத்தை இவை கூட்டும்.

ஊசி போட்டால் வயிற்றுக்குக் கெடுதல் இல்லை என்ற நம்பிக்கையும் தவறு. இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் சளிப்படலத்துக்கும் புரோஸ்டாகிளாண்டின்தான் ஆதாரம். மருந்து ரத்தம் வழியாக வந்தாலும் அந்தக் காவல் குறையும். வெறும் வயிற்றில் கட்டன் சாயாவோடு போட்டுக்கொண்டு ஜீப் ஏறுபவருக்கு எரிச்சல் உடனே தெரியும், ஊசி போட்டவருக்குத் தெரியாது. புண் இரண்டு பேருக்கும் வரலாம்.

யாருக்கு எது?

பிரஷர், சர்க்கரை, முழங்கால் வலி மூன்றும் உள்ள அம்மாச்சி ஒருவரை எடுத்துக்கொள்வோம். பிரஷருக்கு டெல்மிசார்ட்டான் சாப்பிடுகிறார். அது போக்கு மதகைத் தளர்த்தும். தளர்வதால் வடிகட்டியின் மேல் உள்ள அழுத்தம் குறைந்து, நாள்பட்ட கணக்கில் சிறுநீரகத்துக்கு நல்லது செய்யும் மருந்து அது. பெயருக்குப் பின்னால் "எச்" என்ற எழுத்து இருந்தால் கூடவே ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மாத்திரையும் உள்ளே இருக்கிறது. அது ஏரி மட்டத்தைக் குறைக்கும். இப்போது முழங்காலுக்கு டைக்ளோஃபெனாக் சேர்ந்தால் வரத்து மதகும் மூடும். மூன்றும் ஒன்றாய்ச் சேர்ந்த அன்று சாதாரண வாந்தி பேதிகூடச் சிறுநீரகத்தைப் படுக்க வைத்துவிடும். மூன்றில் இரண்டு ஏற்கெனவே அவருடைய காலை மாத்திரைக்குள் இருக்கிறது என்பதுதான் யாரும் கவனிக்காத இடம்.

"அவங்களுக்குக் கிரியாட்டினின் 1.2தானே, நார்மல்னு சொன்னாங்களே" என்று வீட்டில் சொல்வார்கள். அந்த எண் தனியாக ஒன்றும் சொல்லாது. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. 25 வயது ஆணுக்கு 1.2 என்றால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 86 மில்லிலிட்டர் அளவில் வரும். 68 வயதுப் பெண்ணுக்கு அதே 1.2 என்றால் 49தான். தசை வற்றிய உடம்பாக இருந்தால் உண்மை அதற்கும் கீழே இருக்கலாம். ரிப்போர்ட்டில் ஈ.ஜி.எஃப்.ஆர் என்று போட்ட வரியைப் பார்க்க வேண்டும், இந்த வடிகட்டும் திறன்தான் அது. 60க்குக் கீழே தொடர்ந்து இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் இந்தக் குடும்ப மாத்திரை வேண்டாம், 30க்குக் கீழே என்றால் அறவே வேண்டாம்.

அம்மாச்சிக்குச் சரியான தேர்வு இரண்டு. முழங்காலுக்கு டைக்ளோஃபெனாக் ஜெல்லைத் தடவலாம். தடவினால் ரத்தத்தில் சேர்வது மாத்திரையில் சேர்வதில் 6 சதவீதம் அளவுக்குத்தான். தேய்த்து முடித்ததும் சூட்டு ஒத்தடம் கொடுக்கக் கூடாது, உறிஞ்சல் கூடிவிடும். அதற்கும் மேலே வலித்தால் பாராசிட்டமால் 500, நாளைக்கு மூன்று. இது ஜெல் அளவுக்கு மூட்டு வீக்கத்தைக் குறைக்காது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பாராசிட்டமாலால் வீக்கம் வற்றும் என்று எதிர்பார்த்து அளவைக் கூட்டிக்கொண்டே போவதுதான் தப்பு.

இதய அடைப்புக்காக ஆஸ்பிரின் 75 சாப்பிடுபவருக்கு இன்னொரு சிக்கல். இபுப்ரோஃபென் முந்திக்கொண்டு, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களில் உட்கார்ந்துவிட்டால் ஆஸ்பிரினுக்கு இடம் கிடைக்காது, அன்றைய காவல் வீண். சாதாரண ஆஸ்பிரினைப் போட்டு அரை மணி நேரம் கழித்து இபுப்ரோஃபென் போடலாம், அல்லது இபுப்ரோஃபென் போட்டு எட்டு மணி நேரம் கழித்து ஆஸ்பிரின். குடலில் கரையும்படி பூச்சுப் போட்ட ஆஸ்பிரினுக்கு இந்த இடைவெளிக் கணக்கு பொருந்தாது. பாராசிட்டமாலில் இந்தத் தகராறே இல்லை.

குடிப்பவருக்கு எது என்ற கேள்வி எல்லையோரத்தில் கூடுதல் சுவாரசியம் உள்ளது. இங்கே டாஸ்மாக், குமுளி தாண்டினால் கள்ளு ஷாப்பு. நாள்தோறும் குடிப்பவர் கல்லீரலில் சைப் 2இ1 நொதி பெருகியிருக்கும். சாராயம் ரத்தத்தில் இருக்கும்வரை அந்த நொதி அதைக் கவனிப்பதிலேயே மும்முரமாக இருக்கும். மறுநாள் காலை சாராயம் இறங்கி, தலை வலித்து, சாப்பிடாத வயிற்றோடு மாத்திரை தேடும் நேரத்தில்தான் நொதிகள் அத்தனையும் சும்மா நிற்கின்றன, குளுட்டத்தயோனும் குறைவு. பாராசிட்டமாலுக்கு இதைவிட மோசமான நேரம் இல்லை. அதற்காக டைக்ளோஃபெனாக்குக்கு மாறினால் ஏற்கெனவே ரணமான இரைப்பையில் ரத்தக் கசிவு வரும். எனவே அவருக்கும் பாராசிட்டமால்தான், ஆனால் நாளைக்கு 2 கிராமோடு, அதாவது 500இல் நான்கோடு நிறுத்த வேண்டும். மாத்திரைக்கு முன் இரண்டு இட்லியாவது உள்ளே போக வேண்டும்.

கல்லீரல் ஏற்கெனவே சுருங்கிப்போனவர் விஷயத்தில் ஊர் நினைப்பதற்கு நேர்மாறாக இருக்கிறது மருத்துவம். "ஈரல் கெட்டவனுக்குப் பாராசிட்டமால் ஆகாது, வேற வலி மாத்திரை குடு" என்று கேட்பார்கள். அந்த வேறு மாத்திரைதான் அவருக்கு எமன். ஈரல் சுருக்கத்தில் சிறுநீரகம் புரோஸ்டாகிளாண்டினை நம்பியே ஓடுகிறது, உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் புடைத்திருக்கும். ஒரே மாத்திரையில் சிறுநீரகமும் நிற்கும், ரத்த வாந்தியும் வரும். பாராசிட்டமால் நாளைக்கு 2 கிராமுக்குள் என்பதே அவருக்கும் வழி. மஞ்சள் காமாலை கண்ணில் தெரியும் நாட்களில் அதுவும் டாக்டர் சொல்லி. கீழாநெல்லி அரைத்துக் குடிப்பவர்கள் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

சிறுநீரகம் பழுதானவருக்கும் பாராசிட்டமால்தான் முதல் தேர்வு. ஒட்டிய எச்சங்கள் மெதுவாக வெளியேறும் என்பதால் இடைவெளியை ஆறிலிருந்து எட்டு மணி நேரமாக்கினால் போதும். டிராமடால் என்ற கடும் வலி மருந்துக்கு மாறும்போது கவனம் வேண்டும். அதைக் கல்லீரல் சைப் 2டி6 நொதியால் மாற்றித் தரும் பொருள்தான் உண்மையில் வலி போக்குவது, அந்தப் பொருள் வெளியேறுவது சிறுநீரகம் வழியாக. சிறுநீரகம் மந்தமானால் அது தேங்கி, தூக்கம் மயக்கமாகி, மூச்சும் மெலியும். 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்து அது, சீட்டில்லாமல் கேட்பதும் கொடுப்பதும் வம்பு.

கர்ப்பிணிகளுக்கு விளக்கம் நீளத் தேவையில்லை. 20 வாரத்துக்கு மேல் இபுப்ரோஃபென் குடும்பம் வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்தையே பாதிக்கும். பாராசிட்டமால், தேவையான அளவு மட்டும்.

நனைந்து வந்த காய்ச்சல்

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். மேலே தோட்டத்தில் "எலிப்பனி" என்று சொல்லி அனுப்பினால், எலி, பனி, குளிர் என்று ஏதோ நினைத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. அது எலிக்காய்ச்சல், லெப்டோஸ்பைரோசிஸ். எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் புண்ணுள்ள காலோடு நின்றால் தொற்றும். முற்றினால் கல்லீரல், சிறுநீரகம் இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்கும். கெண்டைக்காலில் தாங்க முடியாத வலியும் கண் சிவப்பும் அதன் அடையாளம். அந்த வலிக்குத்தான் ஆட்கள் இடுப்பில் டைக்ளோஃபெனாக் ஊசி கேட்பார்கள். ஏற்கெனவே தடுமாறும் சிறுநீரகத்தின் வரத்து மதகை அந்த ஊசி மூடிவிடும், வலி அடங்கியதால் நோயும் இரண்டு நாள் தெரியாமல் ஓடும்.

டெங்குவிலும் இதே விதி, காரணம் கொஞ்சம் வேறு. தட்டணு குறையும் நேரத்தில் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் மூன்றும் ரத்தக் கசிவைக் கூட்டும். தசையில் ஊசி குத்தினால் குத்திய இடத்திலேயே ரத்தம் கட்டும். பாராசிட்டமால் மட்டும்தான். அதிலும் டெங்கு கல்லீரலை வீங்க வைக்கும் என்பதால் காய்ச்சல் இறங்கவில்லையே என்று மணிக்கொன்று போடக் கூடாது. 102இல் இருந்து 100க்கு இறங்கினால் மாத்திரை தன் வேலையைச் செய்துவிட்டது. மீதிக்கு ஈரத் துணியும் இளநீரும்.

ஆக, மலையிலிருந்து நனைந்து வந்த காய்ச்சலுக்கு, எந்தக் காய்ச்சல் என்று தெரியும்வரை, செட்டு வேண்டாம். பாராசிட்டமால் 650 தனியாக வாங்கினால் போதும். நாளைக்கு எத்தனை முறை ஒன்றுக்குப் போகிறது, நிறம் எப்படி என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எட்டு மணி நேரமாகப் போகவில்லை, அல்லது கடுங்காப்பி நிறத்தில் போகிறது என்றால் மறுநாள் ஜீப் ஏறுவதற்குப் பதிலாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

குழந்தைக்கு அளவு

குழந்தைகளுக்கு எது என்பதைவிட எவ்வளவு என்பதில்தான் விபத்து. வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 10 கிலோ குழந்தைக்கு 150. கடையில் மூன்று விதமான பாட்டில் இருக்கிறது. 5 மில்லியில் 120 உள்ள சிரப்பில் 6 மில்லிக்குச் சற்று மேல். 5 மில்லியில் 250 உள்ள சிரப்பில் 3 மில்லி. 1 மில்லியிலேயே 100 உள்ள சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. போன மாதம் சிரப்பில் 6 மில்லி கொடுத்த நினைவில், இந்த மாதம் வாங்கிய சொட்டு மருந்தில் 6 மில்லி கொடுத்தால் 600 மில்லிகிராம், நான்கு மடங்கு. அதையே நாளைக்கு நான்கு வேளை என்றால் கல்லீரல் தாங்காது. பாட்டிலோடு வரும் அளவுக் குப்பியை அந்தப் பாட்டிலுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும், சமையலறை ஸ்பூன் கூடவே கூடாது.

நிமெசுலைடு என்ற வலி மருந்து 12 வயதுக்குக் கீழே 2011 முதல் இந்தியாவில் தடை, காரணம் கல்லீரல். ஆஸ்பிரின் 16 வயது வரை வேண்டாம். இபுப்ரோஃபெனும் மெஃபனமிக் அமிலமும் குழந்தைகளுக்கு உண்டு, ஆனால் வாந்தி பேதியோடு வாடிப்போன குழந்தைக்கு இல்லை.

அளவு மீறியது தெரிந்தால்

கிலோவுக்கு 150 மில்லிகிராம், 50 கிலோ ஆளுக்கு 7.5 கிராம் ஒரே நேரத்தில் உள்ளே போனால் கல்லீரல் சேதத்துக்கு அது போதும். முதல் நாள் குமட்டல்கூட இல்லாமல் இருக்கலாம், எழுந்து நடமாடுவார்கள். இரண்டாம் நாள் வலது விலாவுக்குக் கீழே வலி, மூன்றாம் நான்காம் நாள் மஞ்சள், குழப்பம். ஆள் நன்றாகத்தானே இருக்கிறார் என்று முதல் நாளை வீணாக்குவதுதான் பெரும்பாலும் உயிரை எடுப்பது.

மாற்று மருந்து அசிட்டைல்சிஸ்டீன். குளுட்டத்தயோனை மறுபடி நிரப்பிக் கொடுப்பதுதான் அதன் வேலை. எட்டு மணி நேரத்துக்குள் ஏற்றத் தொடங்கினால் கல்லீரல் ஏறக்குறைய உறுதியாகத் தப்பும், அதற்குப் பிறகும் பலன் உண்டு, ஆனால் குறைந்துகொண்டே போகும். ரத்தத்தில் பாராசிட்டமால் அளவைப் பார்ப்பதற்கு விழுங்கி நான்கு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், அதற்கு முன் எடுத்த எண்ணை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது, மோர் கொடுப்பது எல்லாம் நேரத்தைத் தின்னும். மேலே இருந்தால் இடுக்கி மருத்துவக் கல்லூரிக்கும் கீழே இருந்தால் க.விலக்கில் உள்ள தேனி மருத்துவக் கல்லூரிக்கும் போகலாம், எது பக்கமோ அது. இடையில் உள்ள தாலுகா ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறதா என்று வண்டியில் ஏறும்போதே போனில் கேட்டுவிட்டால் ஒரு மணி நேரம் மிச்சம்.

கையோடு எடுத்துப் போக வேண்டியது காலி அட்டைகள் எல்லாமும், கத்தரித்த துண்டும், பொட்டலம் கட்டிய காகிதமும். கூடவே விழுங்கியது எத்தனை மணிக்கு என்பதை ஒரு சீட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். மலைப்பாதையில் இரண்டு மணி நேரம் குலுங்கி, மூன்று பேரிடம் சொல்லிச் சொல்லி, "சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம்" ஒன்பது மணியாக மாறிவிடும். டாக்டர் மருந்து ஏற்றுவதா வேண்டாமா என்று பார்ப்பது அந்த நேரத்தை வைத்துத்தான்.